முனிரத்தினம் விட்டுவைத்த மூன்று வரி இடம்

சேதி வந்தபோது நான் செவ்வாப்பேட்டை ரயில் நிலையத்து நடைமேடையில் நின்று இரண்டாவது மசால்வடையைத் தின்றுகொண்டிருந்தேன். வீட்டில் எண்ணெய்க்கும் இனிப்புக்கும் தடை உத்தரவு அமலில் இருப்பதால் என் நாஷ்டாவின் முக்கியமான பகுதி நடைமேடையில்தான் நடக்கும். ஆலையில் வருகைப் பதிவு பார்க்கும் டைம் ஆபீஸ் குமுதா செல்பேசியில் ஒரு வரி அனுப்பியிருந்தாள். "முனிரத்தினம் அண்ணன் விடியக்காலையில் தவறிவிட்டார், ஆரணி வீட்டில், நெஞ்சுவலி." எண்ணெய்க் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, கும்பிடும் கை பொம்மை இரண்டைப் பதிலுக்கு அனுப்பினேன். பிறகு மிச்ச வடையைத் தின்றேன்.

அந்த நிமிடம் எனக்குத் துக்கம் வரவில்லை. நிம்மதி வந்தது. இனி யாரும் சொல்லப் போவதில்லை என்ற நிம்மதி. நம் ஆலை மன்ற இதழின் கடைசிப் பக்கத்தில் இத்தனை வருடமாக நான் எழுதுகிற அரட்டையைப் படித்துச் சிரிக்கிற நீங்கள், இந்த ஒரு தடவை சிரிப்பு வராவிட்டால் மன்னிக்க வேண்டும். பிரஸ் ஷாப் விபத்தைப் பற்றி உங்கள் எல்லாருக்கும் ஒரு கதை தெரியும். அந்தக் கதையில் ஒரு ஆள் குறைகிறான். அவன் யார் என்று முனிரத்தினத்துக்குத் தெரியும், எனக்குத் தெரியும். அவர் போய்விட்டார். இனி நான் சொன்னால்தான் உண்டு.

புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். முனிரத்தினம் நம் கும்மிடிப்பூண்டி ஆலையில் இரும்புத் தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கிற பிரஸ் ஷாப்பின் சூப்பர்வைசராக இருந்தவர். நெல் விளைவிக்கிற வீட்டுப் பிள்ளை. பட்டுப்புடவை ஆரணி இல்லை, கவரைப்பேட்டைக்குப் பக்கத்து ஆரணி; கவரைப்பேட்டை வரை டிவிஎஸ் வண்டி, அங்கிருந்து ரயில். என்னைவிட எட்டு வயது மூத்தவர். நான் அவரை அண்ணா என்பேன். அவர் என்னை சார் என்பார். நான் ஆபீஸ், அவர் ஷாப். ஆலையில் வயதைவிடக் குளிர்சாதனத்துக்குத்தான் மரியாதை.

நாம் செய்வது கார் கதவுக்கான கீல் என்று வெளியே போர்டு சொல்கிறது. உள்ளே அதைவிட அதிகமாக உற்பத்தியானது காரணங்கள். ஷிஃப்ட் புத்தகத்தின் கடைசிக் கட்டத்துக்கு 'ரீசன்' என்று பெயர். எந்திரம் நின்றால், எண்ணிக்கை குறைந்தால், கதவு திறக்கவில்லை என்றால்கூட அதில் காரணம் எழுத வேண்டும். காலை ஒன்பது மணிக் கூட்டத்தில் அந்தக் காரணங்களைப் படிப்பார்கள். எந்தப் பிரிவின் காரணம் பலவீனமாக இருக்கிறதோ, அதன் தலையில் அன்றைய பழி விழும். திறமைசாலி என்றால் நம் ஆலையில் என்ன பொருள்? காரணத்தைப் பக்கத்துப் பிரிவுக்குத் தள்ளிவிடத் தெரிந்தவன். அந்தக் கலையில் உற்பத்தித் திட்டப் பிரிவைச் சேர்ந்த அடியேனை மிஞ்ச ஆள் கிடையாது.

அப்படி இருக்கையில் வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் தணிக்கைக்கு வருகிறார்கள், இனி ஷிஃப்ட் புத்தகம் ஆங்கிலத்தில்தான் என்று உத்தரவு வந்தது. சூப்பர்வைசர்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தர என்னைப் பிடித்தார்கள். என் தகுதி, ஒரு மிக்சி கம்பெனிக்கு ஆங்கிலத்தில் கடிதம் எழுதிப் புது மிக்சி வாங்கியவன் என்பதுதான். சாப்பாட்டு நேரம் முடிந்ததும் கேன்டீனின் பின்பக்கம் வகுப்பு. ஏழு சூப்பர்வைசர்கள், ஏழு ஏப்பம்.

ரீசன் கட்டம்தான் முக்கியம் என்பதால் காரணம் சொல்லும் சொற்களிலேயே தொடங்கினேன். 'ஒய்' என்று கேட்டால் 'பிகாஸ்'. கேட்பவருக்குத் தெரியாத காரணத்தை எடுத்துச் சொல்லி, அதற்கு அழுத்தம் கொடுப்பதென்றால் பிகாஸ். காரணம் இரண்டு பேருக்கும் முன்பே தெரிந்ததுதான், அது பெரிய விஷயமில்லை, அதன்பின் நடந்ததுதான் விஷயம் என்றால் 'சின்ஸ்' அல்லது 'ஆஸ்'. வாக்கியத்தின் தொடக்கத்தில் பட்டும் படாமலும் சொல்லிவிட்டுக் கடந்து போகலாம். 'ஃபார்' என்று ஒன்று உண்டு, ஆனால் அதை ஷிஃப்ட் புத்தகத்தில் எழுதினால் பாதிரியார் எழுதினாரா என்று கேட்பார்கள். இதுவரை இலக்கணம். இதற்கு மேல் என் தொழில் ரகசியத்தையும் அவிழ்த்துவிட்டேன். முடிந்தவரை ஆஸ் போடுங்கள், ஆளைப் போடாதீர்கள். 'ஆஸ் மெட்டீரியல் வாஸ் நாட் ரிசீவ்டு.' யார் அனுப்பவில்லை, யார் வாங்கவில்லை? அந்த வாக்கியத்துக்குள் டார்ச் அடித்துத் தேடினாலும் ஒருத்தன் சிக்கமாட்டான்.

எல்லாரும் எழுதிக்கொண்டார்கள். முனிரத்தினம் மட்டும் பேனாவை மூடி வைத்துவிட்டு, "எல்லாருக்கும் தெரிஞ்ச காரணம்னா அத்த இன்னாத்துக்கு சார் எழுதணும்?" என்றார்.

சிரித்தார்கள். நானும் ஆசிரியத் தோரணையில் சிரித்துவைத்தேன். அவர் விடவில்லை.

"எனக்கு இந்தப் பிகாஸ் ஒண்ணு போதும் சார். நாம இன்னா பண்றோம்? மழை பேஞ்சுச்சு, வண்டி பஞ்சரு, கேட்டு மூடிட்டான், அதனால லேட்டுன்றோம். சாக்கு மொதல்ல, தப்பு கட்சீல. இதுல பாத்தா, நான் லேட்டுன்னு மொதல்ல ஒத்துக்கினு அப்பால காரணத்த சொல்ல சொல்றான். இது நல்லாக்கீது."

பிகாஸை முதலிலும் போடலாம் என்று விளக்கினேன். "அது உங்களுக்கு சார்" என்றுவிட்டார். அன்று சாயங்காலம் ரயிலுக்குக் காத்திருந்த கூட்டத்தில் அவருக்கு 'பிகாஸ் ரத்தினம்' என்று பெயர் வைத்தேன். ஒரே வாரத்தில் வாட்ச்மேன் வரைக்கும் பரவியது. செல்லப் பெயர் என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். இல்லை. ஆங்கிலம் வராதவரைக் கிண்டல் செய்து வைத்த பெயர் அது. அவர் அதற்கும் திரும்பிப் பார்த்தார், அவ்வளவுதான்.

தணிக்கைக்கு வந்தவர்கள் ஷிஃப்ட் புத்தகங்களைப் புரட்டினார்கள். முனிரத்தினத்தின் பக்கத்தில் ஒரு விரல் நின்றது. 'மெஷின் ஸ்டாப் டூ ஹவர்ஸ். பிகாஸ் ஐ ஃபர்காட் ஆயில். முனிரத்தினம்.' மேலாளரின் நெற்றியில் வேர்வை. வந்தவரோ அந்தப் பக்கத்தில் ஒரு டிக் போட்டார். அடுத்து என்னுடைய திட்டப் பதிவேட்டை எடுத்து, ஆஸ் ஆஸ் என்று போகிற பக்கங்களை வெகுநேரம் பார்த்துவிட்டு, இந்தப் பிரிவில் மனிதர்கள் யாரும் வேலை செய்வதில்லையா என்று கேட்டார். வெளியே வந்து, என் ஆங்கிலத்தை அவர் பாராட்டியதாக எல்லாரிடமும் சொன்னேன். அப்படித்தான் இன்றுவரை நீங்களும் நம்பியிருப்பீர்கள்.

அவருடைய லீவு லெட்டர்களைக் குமுதா ஒரு உறையில் போட்டு வைத்திருக்கிறாள். நம் ஆலையில் லீவு லெட்டர் என்பது உறவினர்களைக் கொல்லும் ஆயுதம். ஒருவருடைய பெரியப்பா நான்கு பொங்கலுக்கு முன்னால் நான்கு முறை இறந்தார். முனிரத்தினத்தின் லெட்டரில், லீவ் வேண்டும், பிகாஸ் மனைவி சொல்லிவிட்டாள் என்று மட்டும் இருக்கும். எடுத்துக்கொண்டு போய் மேலாளரிடம் கொடுப்பார். மேலாளரும் கல்யாணமானவர். மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போடுவார்.

ஒருநாள் நான் அவரிடம், "ஏண்ணா, கொஞ்சம் சுத்தி வளைச்சு எழுதினாதான் என்ன?" என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்போது ஜோக்காக இந்தப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறேன். "பிகாஸுக்கு அப்பால ஒரு ஆள் வரணும் சார். ஆள் வரலன்னா அது காரணம் இல்ல, சாக்கு."

விபத்துக்கு வருகிறேன். வராமல் இன்னும் நாலு பத்தி ஓட்ட என்னால் முடியும். அதுவும் என் திறமைதான்.

அன்று மத்தியானம் மூன்று மணி இருக்கும். ஒரு வாடிக்கையாளரின் லாரி கேட்டில் வந்து நின்றுகொண்டிருந்தது. அவர்களுடைய சரக்கு தயாராகவில்லை. ஏன் தயாராகவில்லை? அந்த ஆர்டரை வாரத் திட்டத்தில் சேர்க்க நான் மறந்துவிட்டேன். அது மேலே தெரிவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று பிரஸ் ஷாப்புக்குப் போன் செய்தேன். எந்திரத்தின் வாய்க்கு முன்னால் கை உள்ளே போகாதபடி ஒரு இரும்பு வலை இருக்கும்; அதை 'கார்டு' என்போம். அது மூடினால்தான் பிரஸ் இறங்கும்; அடியோடு கழற்றிவிட்டு அதன் சுவிட்சைக் கம்பியால் கட்டிவிட்டால் அது இல்லாமலும் இறங்கும். அந்தக் கார்டு சரியாக மூடாமல் மக்கர் செய்கிறது, மெயின்டனன்ஸ் ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள், ஒரு மணி நேரம் ஆகும் என்று முனிரத்தினம் சொன்னார்.

"கழட்டி வச்சுட்டு ஓட்டுங்கண்ணா. இருநூறு பீஸ்தானே. நான் பாத்துக்கறேன்" என்றேன்.

"வேணாம் சார், அவங்க வந்துரட்டும்" என்றவரிடம், லாரி கேட்டில் நிற்கிறது என்றேன். பிறகு, "சரி சார்" என்றார்.

நான் பார்த்துக்கொள்வதாகச் சொன்ன இடத்தில் நான் இல்லை. என் அறையில் இருந்தேன். பிரஸ்ஸில் நின்றவர் தேசப்பன். பழவேற்காட்டுப் பக்கம் ஏரியில் மீன்பிடிக்கிற குடும்பம். கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை பிறந்தபின், ஏரியை நம்பினால் ஆகாது என்று கான்ட்ராக்டில் சேர்ந்திருந்தார். இடது கையில் இரண்டு விரல்கள் போயின. அதைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்கு உரிமை இல்லை.

மறுநாள் மேலாளர் அறையில் விபத்து அறிக்கை தயாரானது. யாரையும் நோகடிக்காமல் எழுதுங்கள் என்று மேலாளர் என்னிடம் சொன்னார். எழுதினேன். 'ஆஸ் த ஆபரேட்டர் வாஸ் நாட் அட்டென்டிவ்' என்று தொடங்கினேன். யோசித்துத்தான் அந்தச் சொல்லைப் போட்டேன். பிகாஸ் போட்டால் படிப்பவர் அந்த இடத்தில் நிற்பார். அப்படியா, யார் பார்த்தது என்று கேட்பார். ஆஸ் போட்டால், தேசப்பன் கவனமில்லாமல் வேலை செய்தது ஊரறிந்த விஷயம்போல் கண் வழுக்கிக்கொண்டு போய்விடும். அந்த அறிக்கை அப்படியே போயிருந்தால், கவனக்குறைவு என்று கான்ட்ராக்டர் தேசப்பனை மருத்துவமனையிலிருந்தே வீட்டுக்கு அனுப்பியிருப்பார். இரண்டு விரல் இல்லாத கையோடு அவரால் வலையும் இழுக்க முடியாது, வேறு வேலைக்கும் போக முடியாது. இது தெரிந்தேதான் எழுதினேன்.

சாட்சிக் கையெழுத்துக்காக முனிரத்தினத்தைக் கூப்பிட்டார்கள். விரலை வைத்து ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். இரண்டாவது முறையும் படித்தார். பிறகு என்னைப் பார்த்து, கோபமே இல்லாமல் சொன்னார்.

"இதுல நான் இல்ல, நீங்க இல்ல சார். தேசப்பன் மட்டும்தான் கீறான்."

ஒரு வெள்ளைத்தாள் கேட்டு வாங்கிக்கொண்டார். நின்றபடியே எழுதினார். 'ஆக்சிடென்ட் ஹாப்பன்டு பிகாஸ் நோ கார்டு. நோ கார்டு பிகாஸ் ஐ ரிமூவ்டு.' வலது பக்கம் கையெழுத்து. அதற்குக் கீழே மூன்று வரி போல இடம் விட்டு, தேதியைக் கடைசியில் போட்டார். தாளை என் பக்கம் நகர்த்தி, தன் பேனாவையும் அதன்மேல் வைத்தார்.

"கீழ எடம் உட்டுக்கீறேன் சார்" என்றார்.

சாட்சிக்கு விட்டிருக்கிறார் என்று மேலாளர் நினைத்தார். எனக்குத் தெரியும் அது எதற்கு என்று. ஏன் கழற்றினார் என்று கையெழுத்துக்கு மேலேயே அவர் இன்னும் ஒரு வரி எழுதியிருக்கலாம். 'பிகாஸ் சம்பத் சார் டோல்டு.' நாலு சொல். அந்த அளவு ஆங்கிலம் அவருக்கு நன்றாகவே வரும். அதை அவர் எழுதவில்லை. என் கையால் எழுதட்டும் என்று இடம் விட்டார்.

ஆபீஸில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கையெழுத்துப் போட்ட தாளில் காலி இடம் இருந்தால், பின்னால் யாரும் எதையும் சேர்த்துவிடாதபடி அதைக் குறுக்குக் கோடு போட்டு அடைத்துவிடுவோம். மேஜைமேல் அளவுகோல் இருந்தது. எடுத்தேன். அந்த மூன்று வரி இடத்தில் மேல்மூலையிலிருந்து கீழ்மூலைக்கு நேராக ஒரு கோடு இழுத்தேன். பிறகு ஓரத்தில் சாட்சி என்று கையெழுத்துப் போட்டேன். கோடு கோணாமல் வந்ததில் ஒரு திருப்திகூட இருந்தது. இதை எழுதும்போது கை கூசுகிறது.

முனிரத்தினம் அந்தக் கோட்டைப் பார்த்தார். பேனாவைத் திரும்ப எடுத்துச் சட்டைப்பையில் செருகிக்கொண்டார். "சரி சார்" என்றார்.

அப்புறம் நடந்தது உங்களுக்குத் தெரிந்த கதை. சூப்பர்வைசரே ஒப்புக்கொண்டபின் பழியைத் தொழிலாளிமேல் போட வழியில்லை. நிர்வாகம் தேசப்பனை நிரந்தரமாக்கி ஸ்டோரில் வேலை கொடுத்தது. முனிரத்தினத்தைப் பிரஸ் ஷாப்பிலிருந்து எடுத்து வடக்கு கேட் எடைமேடையில் உட்காரவைத்தது. லாரி எடை பார்த்துச் சீட்டுக் கிழித்துக் கொடுக்கிற வேலை. அடுத்த ஏப்ரலில் அடியேன் துணை மேலாளர் ஆனேன். கேசரி கொடுத்தேன், நீங்களும் சாப்பிட்டீர்கள்.

அதிலிருந்து நான் தெற்கு கேட் வழியாகப் போகத் தொடங்கினேன். ஸ்டேஷனுக்கு வடக்கு கேட்தான் கிட்டே. டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கிறார் என்று சொல்லிக்கொண்டேன். ஒன்பது வருடம் நடந்தும் இடுப்பளவு குறையாததை நீங்கள் யாரும் சந்தேகிக்காதது என் அதிர்ஷ்டம்.

ஒரே ஒருமுறை மாட்டிக்கொண்டேன். பெருமழை, தெற்குப் பக்கம் முழங்கால் தண்ணீர், வேறு வழியில்லாமல் வடக்கு கேட்டுக்கு வந்தேன். எடைமேடை அறையிலிருந்து கூப்பிட்டு உட்காரவைத்து டீ வரவழைத்தார்.

"இன்னா சார், இந்தப் பக்கம் தலையே காட்றதில்ல?"

தணிக்கை வேலை, திட்டக் கூட்டம், முட்டி வலி, வீட்டில் கெடுபிடி என்று அடுக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, பிஸ்கட் டப்பாவை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"நாலு காரணம் சொல்ட்டீங்க. ஒண்ணா இருந்தா நம்பியிருப்பேன்" என்றார்.

சிரித்தார். நானும் சிரித்தேன். மழை விடுவதற்கு முன்பே கிளம்பினேன்.

அவர் ஓய்வு பெற்ற நாளில் வாழ்த்துரை நான்தான். வேறு யார்? முக்கால் மணி நேரம் பிகாஸ் ஜோக்குகளாகக் கொட்டினேன். கேன்டீன் குலுங்கியது. மாலையும் கழுத்துமாக உட்கார்ந்து அவரும் சிரித்தார். இறங்கி வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா சிரிச்சாங்க சார் எல்லாரும்" என்றார். கையை உடனே விடவில்லை. எனக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று சொன்னேன். எந்த ரயிலுக்கு என்று எனக்கே தெரியாது.

அது ஆகி இரண்டு வருடம். அவர் சாவுக்கும் நான் போகவில்லை. அன்று தணிக்கை இருந்தது. மாலை வாங்கிப் போட ஆள் அனுப்பினேன். நாலு நாள் கழித்து மன்ற இதழ் ஆசிரியர், முனிரத்தினத்தைப் பற்றி உங்கள் பாணியில் கலகலப்பாக இரண்டு பக்கம் வேண்டும் என்றார். எழுதியும் முடித்தேன். அந்த இரண்டு பக்கத்தில் விபத்து கிடையாது. சாவுக்கு யார் யார் வந்தார்கள் என்று ஒரு வரி சேர்க்கலாம் என்று டைம் ஆபீஸுக்குப் போய்க் குமுதாவைக் கேட்டேன். ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டு வந்தாள். தேசப்பன் வந்திருப்பாரே என்றேன்.

"தேசப்பனா? அவரு எங்க சார் வருவாரு. என் கையப் போக்கினவன் மூஞ்சிய பொணமாக்கூடப் பாக்கமாட்டேன்னுட்டாரு. இத்தினி வருசமா அவரோட ஒரு வார்த்த பேசினதில்ல, உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. ஊர்க்கதை எல்லாம் விரல் நுனியில் வைத்திருக்கிற எனக்கு இது தெரியாது. பதவி போனது, எடைமேடையில் உட்கார்ந்தது, இதெல்லாம் அவருக்கு நேர்ந்தது என்று தெரியும். தான் யாருக்காகக் கையெழுத்துப் போட்டாரோ அந்த ஆளுடைய வெறுப்பையும் அவரேதான் வாங்கிக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தோன்றியதேயில்லை. தேசப்பன் கண்ணால் கண்டது, முனிரத்தினம் வந்து கார்டைக் கழற்றியது. தாளில் இருந்ததும் அதுதான். போனின் இந்தப் பக்கம் இருந்தவனைப் பற்றி அவருக்கு எப்படித் தெரியும்? நான்தான் கோடு போட்டு அடைத்துவிட்டேனே.

கலகலப்பான இரண்டு பக்கத்தைக் கிழித்தேன். ஞாயிற்றுக்கிழமை பழவேற்காட்டுக்குப் பஸ் பிடித்தேன்.

தேசப்பன் குப்பத்தில், ஏரிக்கரையில், அண்ணனுடைய வலையிலிருந்து நண்டு பிரித்துக்கொண்டிருந்தார். வலது கை பிரிக்க, இடது கை வலையை முழங்காலோடு சேர்த்து அழுத்திப் பிடித்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனார்.

"இன்னா சார், இம்மாந்தூரம்?"

வெயில், பஸ், கூட்டம் என்று என் வாய் தானாகவே ஆரம்பித்தது. நிறுத்தினேன். மணலில் உட்கார்ந்தேன்.

"தேசப்பா, அன்னிக்குக் கார்டைக் கழட்டச் சொன்னது நான். முனிரத்தினம் வேணாம்னுதான் சொன்னார். நான்தான் போன் பண்ணி, கழட்டிட்டு ஓட்டுங்கன்னேன்."

அவர் கை நிற்கவில்லை. ஒரு நண்டைக் கொடுக்கு உடையாமல் பிரித்துக் கூடையில் போட்டுவிட்டுத்தான் கேட்டார்.

"அவரு ஏன் சொல்லல?"

"நான் சொல்லணும்னு விட்டுட்டார்."

"நீங்க ஏன் சொல்லல?"

ஆயிரம் காரணங்களை உற்பத்தி செய்த மூளை. ஒரே ஒரு சொல்தான் வந்தது. பயம் என்றேன். வேலை போய்விடும் என்ற பயம். அதற்குப் பிறகு பதவி வந்தது, அதற்குப் பிறகு வெட்கம் வந்தது என்றேன். அவர் ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேசினபோது குரல் தணிந்திருந்தது.

"எடமேடைய தாண்டும்போதெல்லாம் அந்தாளு காதுல விழுற மாதிரி காறித் துப்பிக்கினு போவேன் சார். ஒம்பது வருசம். ஒரு நாளு, இன்னாடான்னு ஒரு வார்த்த கேக்கல அந்த மனுசன்."

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். தண்ணீரில் இறங்கிக் கைகழுவிவிட்டு வந்து, கருமாதி எப்போது என்று கேட்டார். வியாழக்கிழமை என்றேன். என் மச்சான் கார் இருக்கிறது, காலையில் வந்து அழைத்துக்கொண்டு போகிறேன், இரண்டு பேருமாகப் போகலாம் என்றேன்.

"வேணாம் சார். நான் தனியாப் போய்க்கிறேன். உங்க பக்கத்துல நின்னுக்கினு என்னால அழுவ முடியாது."

வியாழக்கிழமை அவர் போனார். நான் வெள்ளிக்கிழமை போனேன். முனிரத்தினத்தின் மனைவியிடமும் சொன்னேன். அந்த அம்மாள் தண்ணீர் கொடுத்தார். திங்கட்கிழமை மேலாளரிடம் எழுதிக் கொடுத்தேன். இப்போது இருப்பவர் அப்போது இல்லாதவர். பழைய கதையை ஏன் கிளறுகிறீர்கள் என்று, தாளை வாங்கி மேஜை ஓரமாக வைத்தார். என்ன செய்வார்கள் என்று தெரியாது. செய்வதைச் செய்யட்டும்.

முனிரத்தினத்திடமிருந்து எதை வைத்துக்கொள்வது என்று யோசிக்கிறேன். பெருந்தன்மை என்று எழுதிவிட்டால் எனக்கு வசதி. அவர் மன்னித்துவிட்டார், எல்லாம் சுபம் என்று நீங்களும் பக்கத்தைத் திருப்பிவிடலாம். ஆனால் அவர் என்னை மன்னித்ததாக எனக்குத் தோன்றவில்லை. என் நாலு காரணங்களையும் எண்ணியவர் அவர். அவர் செய்தது வேறு. அந்த அறையில் பேனாவை என் பக்கம் நகர்த்திய நாளிலிருந்து, விடைபெறும்போது என் கையை விடாமல் நின்ற நாள் வரைக்கும், நான் சொல்லிவிடுவேன் என்று காத்துக்கொண்டிருந்தார். என்னைப் பற்றி நானே அவ்வளவு நல்லதாக நினைத்ததில்லை. அந்தக் காத்திருப்பைத்தான் அவரிடமிருந்து எடுத்துக்கொள்கிறேன். அது சுமையாகத்தான் இருக்கிறது. இறக்கிவைக்க எனக்கு உத்தேசமில்லை.

ஆசிரியர் இதை வெட்டாமல், என் வழக்கமான பக்கத்திலேயே போட வேண்டும். பிரஸ் ஷாப்பில் அன்று கார்டைக் கழற்றச் சொன்னது நான்.

சம்பத்
உற்பத்தித் திட்டப் பிரிவு